மீன் மருந்து

தாரணியின் வலது கை ஆள்காட்டி விரல் மூன்றாவது முறையாக முளைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஜெசிந்தாவுக்கு அதில் முதல் முறை மட்டும்தான் தெரியும். அந்த முறை விரலை முளைக்க வைத்தது அவர்தான்.

கோயம்புத்தூரில் பீளமேட்டைத் தாண்டி இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் ஜெசிந்தா பாதி ஆயுளை மீன்களோடு கழித்தவர். விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக் கோடு போட்ட மீன்கள். அவற்றின் வாலை வெட்டிவிட்டால் சில வாரங்களில் அதே வால், அதே நீளத்தில், உள்ளே அதே எலும்புக் கதிர்களோடு திரும்ப வந்துவிடும். அந்த வித்தையை ஒரு களிம்புக்குள் கொண்டுவந்து, மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தபோது முன்வந்த சிலரில் தாரணியும் ஒருத்தி. கணபதி பக்கம் மோட்டார்த் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஓட்டுகிறவள். தகட்டோடு சேர்த்து விரலையும் பிரஸ் வெட்டியிருந்தது. புது விரலில் நகம் எட்டிப் பார்த்த அன்று இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தப் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

இப்போது அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆள்காட்டி விரல் இரண்டாவது கணுவரைதான் இருந்தது. நுனி இளஞ்சிவப்பாக, பிறந்த எலிக்குஞ்சின் தோல் மாதிரி பளபளத்தது.

"என்னம்மா இது?"

"மறுபடியும் போயிருச்சுங்க டாக்டர்."

"எப்போ?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. போன வருசம் ஒருக்கா போய், வந்துச்சு. உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தேன். லீவு கெடைக்கலீங்க."

ஜெசிந்தா அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். விரல் சுட்டது. வளரும் எலும்பின் சூடு அது.

"மருந்து யார் வச்சுவிட்டது?"

"கம்பெனிலயேதானுங்க. முதலுதவிப் பெட்டியில பேண்டேஜ் பக்கத்துலயே மீன் மருந்து ஒரு டப்பா இருக்குது. சூப்பர்வைசரே வெச்சுக் கட்டிவிட்டுருவாரு."

மீன் மருந்து. ஊரில் அதற்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. மருந்துக் கம்பெனி அதை எல்லாருக்கும் எட்டுகிற விலையில் விற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாதாடியவர் ஜெசிந்தா.

"இத்தனை தடவை மாட்டுதுன்னா மிஷின்லதான் கோளாறு. கை உள்ள போனா தானா நிக்குமே, அந்தத் தடுப்பு என்னாச்சு?"

"அதைத்தான் கழட்டிட்டாங்களே." தாரணி சாதாரணமாகச் சொன்னாள். "மீன் மருந்து வந்த கொஞ்ச நாள்லயே கழட்டிட்டாங்க. தடுப்பு இருந்தா மிஷின் நின்னு நின்னு ஓடுதுங்களாமா. விரல்தான் வந்துருதே, அப்புறம் எதுக்கு நின்னு நின்னு ஓட்டோணும்னு கேக்கறாங்க."

ஜெசிந்தா அந்தக் கையை மெல்ல மேசைமேல் திரும்ப வைத்தார்.

"வெட்டுப்படறப்ப அவ்வளவு தெரியறதில்லீங்க. வளர்றப்பத்தான். எலும்புக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அப்புறம் ஊசியாக் குத்தும். எங்கூட்டுக்காரரு கையப் புடிச்சுட்டே உக்காந்திருப்பாரு. அதுக்கெல்லாம் லீவு இல்லீங்க. இடது கையில பேக்கிங் பண்ணுன்னுருவாங்க." கொஞ்சம் சிரித்தாள். "ஒவ்வொரு வாட்டியும் ரேகை வேற மாதிரி வருது. ரேசன் கடை மிஷின்ல வெச்சா நான் தாரணியே இல்லைங்குது."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். யூசுப் என்று ஒரு வக்கீல் பிடித்திருக்கிறார்கள். நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை. தடுப்பைத் திரும்ப மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"நீங்க வந்து பேசினா கேப்பாங்க டாக்டர். மருந்து உங்களுதுங்களே."

வருகிறேன் என்று ஜெசிந்தா வாக்குக் கொடுத்தார்.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறிச் சத்தம் பெரிதாக இருந்தது. ஒரு பக்கம் பெண்களும் யூசுப்பும். மறுபக்கம் கம்பெனி மேனேஜர் நந்தகோபால், அவருடைய வக்கீல். நந்தகோபாலின் இடது கையில் இரண்டு விரல்கள் பாதியில் முடிந்திருந்ததை ஜெசிந்தா கவனித்தார். மருந்து வருவதற்கு வெகுகாலம் முன்பு ஆறிப்போன காயம். பழைய தழும்பில் மருந்து பிடிக்காது.

ஆணையத் தலைவர், மருந்து எப்படி வேலை செய்கிறது என்று எளிமையாகச் சொல்லச் சொன்னார்.

"மீனோட வால் வெட்டுப்பட்டா, வெட்டின இடத்துல இருக்கிற எலும்பு செல்கள் தங்களோட வேலையை விட்டுட்டு மறுபடியும் இளசா மாறும்" என்றார் ஜெசிந்தா. "ஒரு செல் பக்கத்து செல்லுக்குச் சேதி அனுப்பும். அது அடுத்ததுக்கு அனுப்பும். குளத்துல அலை போற மாதிரி அந்தச் சேதி போய்க்கிட்டே இருக்கும். எவ்வளவு போச்சு, எவ்வளவு வளரணும், எங்க நிக்கணும், எல்லாம் அந்தச் சேதியிலதான் இருக்கு. நம்ம உடம்புலயும் எலும்பு உடைஞ்சா இதே மாதிரி சேதிதான் போகும். ஆனா அது மெல்லிசு. ஒடிஞ்சதைச் சேர்க்கும், போனதை வளர்க்காது. மருந்து அந்தக் குரலை உரக்க ஆக்குது. அவ்வளவுதான்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"திரும்ப வந்த விரல் முழு விரல்தானுங்களா டாக்டர்?"

"ஆமா."

"ஊனம்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"ஒரே மீனோட வாலைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கோம்."

"கடைசியா வெட்டினப்பவும் வந்துச்சா?"

"வந்தது. முதல் தடவை வந்த மாதிரியே."

"மனுசங்களுக்கு ஒரு கட்டத்துல வராம நின்னுபோகும்ங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களா?"

ஜெசிந்தா தாரணியைப் பார்த்தார். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, நம்பிக்கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். யாரும் உடனே சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு முடிவைக்கூட மாற்றி எழுதியதில்லை.

"இல்லை" என்றார். "ஆனா அந்த வலி..."

"வலிக்கு மாத்திரை இருக்குங்களே" என்று சொல்லி வக்கீல் உட்கார்ந்தார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. மருந்து பிடிக்கும் உடம்புள்ளவர்களுக்கு விரல் இழப்பு என்பது தற்காலிகக் காயம் மட்டுமே. அவர்கள் வேலை செய்யும் இடத்தில் தடுப்பு கட்டாயமில்லை.

யூசுப் அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு ஆய்வு நிலையத்துக்கே வந்தார். தாரணியும் கூட வந்திருந்தாள். ஜெசிந்தாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"விடுங்க டாக்டர்" என்றாள் தாரணி. "உள்ளதைத்தானே சொன்னீங்க."

"இதுல ஒரே ஒரு சின்ன சந்து இருக்கு" என்றார் யூசுப். "லட்சத்துல ஒருத்தருக்கு இந்த மருந்து பிடிக்காது இல்லையா? அவங்களுக்காக ஒரு விதி போட்டிருக்காங்க. ஒரு ஷிஃப்ட்ல அப்படி ஒரே ஒரு ஆள் இருந்தாலும், அந்த ஷிஃப்ட் முழுக்க, அந்தக் கூடத்துல இருக்கிற எல்லா மிஷின்லயும் தடுப்பு போட்டே ஆகணும். அந்தக் காரணத்துக்காக அவங்களை வேலையை விட்டும் நிறுத்த முடியாது."

"அப்படி யாராவது அங்க இருக்காங்களா?"

"எங்க இருப்பாங்க? வேலைக்கு எடுக்கிறப்பவே ரத்தத்தைப் பாத்துட்டுத்தான் எடுக்கறாங்க. மாசாமாசம் வேற பாக்கறாங்க. பொய் சொல்லவும் வழியில்லை."

யூசுப்புக்கு நீதிமன்றத்தில் வேலை இருந்தது. அவர் போன பிறகும் தாரணி போகவில்லை. மீன் தொட்டிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டாக்டர், முளைக்காம இருக்கறதுக்கு மருந்து இருக்குதுங்களா?"

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இருந்தது. மீன் மருந்து கண்டுபிடித்த காலத்தில், வளர்வது நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, அவரே செய்து வைத்த மாற்று மருந்து. எலும்பு செல்கள் சேதி கேட்கும் வாசல்களை அது அடைத்துவிடும். மனிதர்களுக்கு அதன் தேவை வரவேயில்லை. குளிர்பெட்டியின் அடித்தட்டில் கிடந்தது.

"இங்க வாங்க" என்று அவளை மூலையில் இருந்த தொட்டிக்கு அழைத்துப் போனார். ஒரு மீன் தனியாக நீந்திக்கொண்டிருந்தது. வால் பாதியோடு நின்றுபோயிருந்தது. முதுகு ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"இதுக்கு அந்த மருந்து போட்டோம். வால் வரவே இல்லை. அதோட போயிருந்தா பரவாயில்லை. தொட்டி மாத்துறப்ப விலாவுல அடிபட்டுச்சு. ஒரு சின்ன எலும்பு விட்டுப்போச்சு. மத்த மீனுக்கு அது தானா ஒட்டிக்கும். இதுக்கு ஒட்டவே இல்லை. அந்த மருந்து விரலுக்குன்னு தனியா வேலை செய்யாது தாரணி. ரத்தத்துல கலந்து உடம்புல இருக்கிற அத்தனை எலும்போட காதையும் அடைச்சிரும். அடைச்சதைத் திறக்க எனக்குத் தெரியாது. நாளைக்கு உங்களுக்குக் கையோ காலோ ஒடிஞ்சா, கட்டுப் போட்டாலும் சேராது. சாகுற வரைக்கும் சேராது."

தாரணி மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஷிஃப்ட்ல எத்தன பேருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? போன வாரம் வசந்திக்கு நாலு விரலும் ஒண்ணாப் போச்சு. கத்தக்கூட இல்லீங்க. கைய நீட்டிட்டு முதலுதவிப் பெட்டிகிட்டப் போய் நின்னா. பக்கத்துல ஒருத்தரும் மிஷினை நிறுத்தல. நானும் நிறுத்தல. அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அதை நெனச்சுத்தானுங்க அழுதேன். வசந்தி விரலுக்கு அழுகல."

"உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பாரு. கால் ஒடியறப்ப ஒடியட்டுமுங்க. ஒடியாமயும் போகலாம். இது தெனமும் இருக்குது."

ஜெசிந்தா முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு டாக்டர் செய்கிற காரியமா இது என்று கோபப்பட்டும் பேசினார். அடுத்த வாரம் அவள் மறுபடி வந்தாள். கூட இன்னும் இரண்டு பெண்கள். ஷிஃப்டுக்கு ஒருத்தியாக மூன்று பேர். தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு வந்திருந்தார்கள். சீட்டுப் போட்டுப் பார்த்தீர்களா என்று ஜெசிந்தா கேட்டார். இல்லை, சின்னக் குழந்தை இல்லாதவர்களாகப் பார்த்து எடுத்தோம் என்றாள் தாரணி.

அவர்களில் ஒருத்தியின் கட்டைவிரல் அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. மருந்து போட்டால் அது அங்கேயே நின்றுவிடும் என்று ஜெசிந்தா சொன்னபோது, "நிக்கட்டுமுங்க" என்றாள் அவள்.

ஜெசிந்தா ஊசி போட்டார்.

அடுத்த மாத ரத்தப் பரிசோதனையில் மூன்று பெண்களுக்கும் மருந்து பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கம்பெனி மறுபடி சோதித்தது, வெளியூருக்கு அனுப்பியும் சோதித்தது. முடிவு மாறவில்லை. யூசுப் நோட்டீஸ் அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் எல்லா பிரஸ்களிலும் தடுப்பு திரும்ப ஏறியது. மிஷின்கள் பழையபடி நின்று நின்று ஓடத் தொடங்கின.

நந்தகோபால் ஒரு சாயங்காலம் ஜெசிந்தாவைத் தேடி வந்தார். தனியாகத்தான் வந்தார்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியுமுங்க. காட்டிக் கொடுக்கறதுக்கு வரல. நானும் பிரஸ்ல நின்னவன்தான்." இடது கையை மேசைமேல் வைத்தார். "இது போனப்ப எனக்குக் கண்ணாலம் நிச்சயமாயிருந்துச்சு. பொண்ணு வீட்டுல வேண்டாமுன்னுட்டாங்க. எங்கம்மா அழுத அழுகை இப்பவும் காதுல கேக்குது. உங்க மருந்து வந்தப்புறம் எந்த வீட்டுலயும் அந்த அழுகை இல்லீங்க. அது நல்லதில்லீங்களா? அந்தப் பொண்ணுகளுக்கு அதைப் போய் நிறுத்திப்போட்டீங்களே."

"வெட்டுறதை நிறுத்தியிருந்தா அது நல்லதுதான்."

"அது என் கையில இல்லீங்க டாக்டர்." அவர் எழுந்துகொண்டார். "தடுப்பு இல்லாத ஊருக்கு ஆர்டர் போயிரும். அப்புறம் கம்பெனியே இருக்காது. அந்தப் பொண்ணுகளுக்கும் தெரியும் அது."

ஆனால் கம்பெனி போகவில்லை. ஆர்டர் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். மழைக்காலம் முழுக்க அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் விரல் போகவில்லை. தீபாவளிக்குத் தாரணி ஆய்வு நிலையத்துக்கு வந்து முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாள். ஏதேதோ பேசினாள். முதலுதவிப் பெட்டியில் இருந்த மீன் மருந்து டப்பா காலாவதியாகிவிட்டதாம், யாரும் புதிது வாங்கவில்லையாம். ஜெசிந்தா பல மாதங்களுக்குப் பிறகு அன்று சிரித்தார்.

தை மாதம் தாரணி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியது. கூட்டமான பஸ், டிரைவர் கொஞ்சம் முன்னதாக எடுத்துவிட்டார். பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. தொடை எலும்பு விட்டுப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு சேரும் வரைக்கும்தான் தகடு தாங்கும். எலும்பு சேரவில்லை. திருகாணி தளர்ந்தது. மறுபடி திறந்து கம்பி வைத்தார்கள். அதுவும் ஆடியது. மூன்றாவது முறை திறந்த டாக்டர், இப்படி ஓர் எலும்பைத் தான் பார்த்ததே இல்லை என்றார். உடைந்த இடம் முதல் நாள் இருந்த மாதிரியே இருந்ததாம். புது எலும்பு ஒரு துளிகூட ஊறவில்லை.

ஜெசிந்தா மற்ற எல்லா வேலையையும் தூக்கி எறிந்துவிட்டு, அடைத்த வாசலைத் திறக்க முயன்றார். நூற்றுக்கணக்கான மீன்கள் செத்தன. ஒன்றின் எலும்புகூட விழித்துக்கொள்ளவில்லை.

சித்திரையில் தாரணியின் வீட்டுக்குப் போனார். வரிசை வீடுகளில் ஒன்று. அவளுடைய கணவன் பிரவீன் கதவைத் திறந்தான். உள்ளே விட மனமில்லாமல் நின்றான்.

"விரலை வளர்த்தீங்க. சரி. அதை நிறுத்தவும் கத்துவெச்சிருந்தீங்க. இதை ஒட்ட வெக்கறதுக்கு மட்டும் ஒண்ணும் கத்துக்கலையா?" என்றான்.

உள்ளிருந்து தாரணியின் குரல் வந்தது. "அவங்கள உள்ள வரச் சொல்லுங்க. நான் கேட்டுத்தானே வாங்கிக்கிட்டேன்."

கட்டிலில் அவள் மிகவும் மெலிந்து தெரிந்தாள். கால் ஒரு சட்டத்துக்குள் இருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்றாள். கம்பி போட்ட இடத்தில் சீழ் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

"எடுத்துட்டா வலி போயிருமுங்களா?"

"போயிரும்."

"அப்ப எடுத்துக்கட்டும்." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "கம்பெனியில தடுப்பு இருக்குதுங்களா?"

ஜெசிந்தா விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு தாரணியின் மருத்துவ விடுப்பு முடிகிறது. அதன் பிறகு அவள் பெயர் ஷிஃப்டில் இருக்காது. அவள் ஷிஃப்டில் மட்டும் தடுப்பைக் கழற்றிவிடுவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மற்ற ஷிஃப்ட் வரும்போது திரும்ப மாட்டிவிடுவார்களாம். கழற்றி மாட்டுவதற்கென்றே ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள்.

"இருக்கு" என்றார் ஜெசிந்தா. வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய்யான முடிவு அது.

தாரணி தலையை ஆட்டிக்கொண்டு தூங்கிப்போனாள்.

மறுநாள் மாலை ஆய்வு நிலையத்தின் வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். சட்டையில் எண்ணெய்க் கறை, தோளில் சாப்பாட்டுப் பை.

"என் பேரு சுகன்யாங்க. தாரணியோட ஷிஃப்ட். அவ பக்கத்து மிஷின் என்னுது."

ஜெசிந்தா அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். எதற்கு வந்திருக்கிறாள் என்பது உட்காரும் முன்பே புரிந்துவிட்டது. அவள் கைகளைப் பார்த்தார். பத்து விரல்களும் ஒரே நிறத்தில், ஒரே வயதில் இருந்தன. எதுவும் புதிதாக முளைத்ததில்லை.

"உங்களுக்கு ஒரு தடவைகூட அடிபட்டதில்லையா?"

"இல்லீங்க. தடுப்பு திரும்ப மாட்டினதுக்கு அப்புறம்தான் நான் வேலைக்கே சேந்தேன். அதனால எனக்கு ஒண்ணும் ஆகலீங்க."

"எலும்பு உடைஞ்சா சேராது. அது தெரியுமா?"

"தெரியுமுங்க. நேத்து தாரணியப் பாத்துட்டுத்தான் வந்தேன். நீங்க போனதுக்கு அப்புறம் போனேன்."

"அவதான் அனுப்பினாளா?"

"இல்லீங்க. எதுக்கு வந்தீன்னு கேட்டா. உங்ககிட்ட ஊசி போட்டுக்கப் போறேன்னு சொன்னேன். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா." சுகன்யா சாப்பாட்டுப் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். "தடுப்பக் கழட்டறாங்கன்னு நீங்க அவகிட்டச் சொல்லலைங்களாட்ட இருக்குது. நான் வாயை விட்டுட்டேன்."

ஜெசிந்தா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் திங்கட்கிழமை காலை முதல் பிரஸ்கள் நிற்காமல் ஓடும். சுகன்யாவும் தினமும் அவற்றின் முன்னால் நின்று கையை உள்ளே நீட்டுவாள். சரி என்று சொன்னால் அவள் இனி ஒவ்வொரு முறையும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் தன் கைதான் அதைச் செய்யப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து அவர் குளிர்பெட்டியைத் திறந்தார். அடித்தட்டில் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பியபோது சுகன்யா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"இடது கையிலயே போட்டுருங்க டாக்டர்" என்றாள். "வலது கை நாளைக்கு வேலைக்கு வேணுமுங்க."